பரீட்சை வாரத்தில் வந்த ஆல்பம்

பூசானிலிருக்கும் என் அன்பு அக்காவுக்கு,

போஹாங் சந்தையிலிருந்து தம்பி கிஹோ குனிந்து வணங்கி எழுதுவது. இங்கே கடல்காற்று ஊசியாய்க் குத்துகிறது. கடையும் நானும் நலம், மனசுதான் நலமில்லை. போனில் சொன்னால் அத்தான் காதில் விழும் என்பதால் கடிதம்.

என் மகள் சொல்பியின் ஐவர் பாட்டுக் குழுவுக்குப் புது ஆல்பம் வந்தது உங்களுக்குத் தெரியும். முதல் வாரத்தில் போன ஆல்பத்தைவிட அதிகம் விற்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவேன் என்று கம்பெனித் தலைவர் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் முதல் வாரம்தான் எல்லாம். அதற்குப் பிறகு ஊரே வாங்கினாலும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்களாம். அப்பேர்ப்பட்ட வாரத்தை மனுஷன் எப்படித் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? முதலில் குறித்த திங்கட்கிழமையில் ஒரு பெரிய கம்பெனியின் பையன்கள் குழுவும் ஆல்பம் விடுகிறது என்று பயந்து, போட்டியே இல்லாத வாரமாகப் பார்த்துத் தள்ளிவைத்தார். போட்டி ஏன் இல்லை? அது கல்லூரி நுழைவுத் தேர்வு வாரம் அக்கா! தேர்வெழுதும் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று விமானமே இறங்காமல் காத்திருக்கிற வாரம். சொல்பியின் ரசிகர்களோ முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகள். போன் அம்மாவிடம், அம்மா கோயிலில். அப்புறம் யார் வாங்குவது?

போதாததற்கு அதே பாட்டுகளை நான்கு விதமான அட்டையில் போட்டிருந்தார். உள்ளே ஐந்து பெண்களில் யாரோ ஒருத்தியின் படம், பிரித்தால்தான் தெரியும். பெற்ற மனம் கேட்குமா? பெட்டி பெட்டியாக வாங்கி, என் கருவாட்டுக் கடையில் நெத்திலி வாங்கினால் ஆல்பம் இலவசம் என்று அறிவித்தேன். பக்கத்துக் கடை ஒக்சுனே நெத்திலி விற்கிறவள்தான், அவளும் வந்து வாங்கினாள்.

"என்னய்யா, உன் பொண்ணு படம் ஒண்ணுகூட வரல, அந்த வெள்ளை முடிக்காரியே வர்றா. நெத்திலியாவது ஒழுங்கா எடை போட்டியா?" என்றாள்.

வாங்கிய ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு சீட்டு உண்டு. குலுக்கலில் பெயர் விழுந்தால் பாட்டுக்காரிகள் எதிரே உட்கார்ந்து கையெழுத்து வாங்கலாம். எனக்கு விழுந்து தொலைத்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் புத்தாண்டுக்குக்கூட வீட்டுக்கு வர முடியாத பிள்ளை அக்கா. முகமூடி, தொப்பி சகிதம் சியோலுக்குப் போய், என் பேத்தி வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றேன்.

"பேரு என்ன?" என்று சொல்பி குனிந்தபடியே கேட்டாள். முகமூடியை லேசாக இறக்கினேன். நிமிர்ந்தாள்.

"அப்பா! சிரிங்க, பின்னாடி மேனேஜர் பாக்குறாரு."

"சாப்டியாம்மா? ஏன் இப்படி எலும்பா இருக்க?"

"எத்தன வாங்கினீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணு வாங்கினவங்க யாரும் இந்த நாற்காலி வரைக்கும் வந்ததில்லப்பா."

ரசிகர்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவது அங்கே வழக்கம். என் கையையும் பிடித்தாள். "கருவாடு மணக்குதுப்பா" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் மேனேஜர், "அடுத்தவங்க வாங்க!" என்று என் தோளைத் தட்டிக் கிளப்பிவிட்டார். மகளைப் பார்க்க வரிசையில் நின்றதில் எனக்கு வெட்கமில்லை, நேரம் போதவில்லையே என்பதுதான் வருத்தம்.

இதோடு போதும் அக்கா. இனி ஒரு ஆல்பம்கூட வாங்க மாட்டேன். குழு கலைந்தால் கலையட்டும், பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும். உங்கள் மருந்துக்கடையில் அவளுக்கு ஒரு வேலை பார்த்துவையுங்கள்.

உங்கள் கைகால் சுகத்துக்கும் அத்தானின் பொறுமைக்கும் வேண்டிக்கொள்ளும்,
தம்பி மா கிஹோ

பி.கு.: தபாலில் போடுவதற்குள் செய்தி வந்துவிட்டது. நூலிழையில் போன ஆல்பத்தைத் தாண்டிவிட்டார்கள்! பரீட்சை வாரம் தன்னுடைய ராஜதந்திரம் என்று தலைவர் பேட்டி கொடுக்கிறார். அடுத்த ஆல்பத்துக்கு எட்டு அட்டையாம். மருந்துக்கடை வேலை வேண்டாம். சொல்பி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். "இனிமே உங்க பேர்ல ஒண்ணுகூட வாங்கக் கூடாது, சத்தியம் பண்ணுங்கப்பா" என்றாள். பண்ணிவிட்டேன். ஆகவே அக்கா, அடுத்த முறை உங்கள் பெயரில் வாங்குகிறேன்.