படகுக் கேப்டன் விஷயமாக மச்சானுக்கு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி, அக்காவின் கண் ஆபரேஷன், மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஒழுகல் ஆகிய மூன்றும் குணமாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கு நானும் ஃபிரிட்ஜும் சௌக்கியம். இரண்டு பேரும் அவ்வப்போது முனகுகிறோம், யாரும் கண்டுகொள்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும்தான் போன் செய்கிறேனே, அதில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "ம்" என்றாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் தங்கை போய் மூன்று வருஷமாகிறது. அவள் பக்கத்து மனிதர்களில் இன்னும் என்னைக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கோபித்துக்கொண்டு அந்த போனும் நின்றுவிட்டால் எனக்குத் தாங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி விஷயம் என்னைப் பற்றியது அல்ல, ஒரு படகுக் கேப்டனைப் பற்றியது.

நானும் உங்கள் தங்கையும் ஒரு நாள் விடாமல் டிவியில் பார்த்த படகுத் தொடர் நினைவிருக்கும். கடைசி வாரத்தில் கேப்டனின் மனைவி இறந்துபோனாள், கேப்டன் பனிக்குள் படகை ஓட்டிக்கொண்டு போனார், முற்றும் என்று போட்டுவிட்டார்கள். உங்கள் தங்கை அழுதாள். நான் கண்ணில் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் ரசிகர்கள் விடுவதாக இல்லை. இன்டர்நெட்டில் ஓரிடத்தில் கூடி, கேப்டனின் மீதிக் கதையை அவரவர் இஷ்டத்துக்கு எழுதுகிறார்கள். முப்பத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கை சும்மா இருக்குமா? கதைக்குக் கதை பிழைப் பட்டியல் அனுப்பினேன். தொல்லை தாங்காமல் என்னையே பிழை திருத்தும் வேலையில் உட்காரவைத்துவிட்டார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நான் ஒற்றுப்பிழை.

ஈரக்குடை என்ற பெயரில் ஒருவர் எழுதுகிறார். அவர் கதையில் கேப்டன், துறைமுகக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் அம்மாள் ஒருத்தியைச் சந்திக்கிறார். பன்னிரண்டு அத்தியாயம் அவள் ஏணி மேலே, இவர் படகிலே. மணி என்ன என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அதையே படிக்கப் படிக்க, நானும் தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருப்பது போல இருந்தது. பதின்மூன்றாவது அத்தியாயத்தில், நாளைக்கு உங்கள் படகில் ஏறலாமா என்று கேட்கிறாள். கடைசி வரி, 'கேப்டன் மறுக்கவில்லை.' நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதித் தூக்கத்தில் இருந்தேன். தட்டச்சில் ஓர் உகரம் தவறி விழுந்திருக்கிறது என்று தீர்மானித்து எடுத்துவிட்டேன். 'கேப்டன் மறக்கவில்லை' என்று ஆகிவிட்டது. அதில் தப்பு இருக்கும் என்றே தோன்றவில்லை மச்சான். மனைவியைப் பறிகொடுத்த மனிதன் வேறென்ன செய்வான்?

சாயங்காலத்துக்குள் தளம் ரணகளமாகிவிட்டது. பாதிப் பேர், கேப்டன் மனைவியை மறக்காத உத்தமர் என்று கொண்டாடினார்கள். பாதிப் பேர், ஏணியில் நிற்கும் அம்மாளுக்குப் பதில் எங்கே என்று கேட்டார்கள். ஒரு பல் டாக்டர், கேப்டன் இன்னொருத்தியை நினைத்தால் இனி அவர் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சபதம் போட்டார். நானும் சும்மா இராமல், ஒரு தடவை மனதாரக் குடும்பம் நடத்தியவனுக்கு அது ஆயுசுக்கும் போதும் என்று மூன்று பக்கம் எழுதினேன். எழுபது பேர் கைதட்டினார்கள். அது முடிந்ததும் வீடு முன்னைவிடச் சத்தமில்லாமல் போயிற்று. எழுபத்தோராவதாக ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தாள். "சார், கேப்டன் தனியா இருக்கணும்னு அவர் சம்சாரம் சொன்னாங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?" பிழை தேடி அதை நாலு தடவை படித்தேன். அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

பிழை என்னுடையது என்று தெரிந்ததும் ஈரக்குடைக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்தால் அவரும் இதே ஊர்க்காரர், ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். கணவர் போய் ஒன்பது வருஷம். நேரில் மன்னிப்புக் கேட்பதுதான் மரியாதை என்று போனேன். வெளியே மழை. உள்ளே கூரையிலிருந்து நூற்றுக்கணக்கான குடைகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய சீட்டு. அலமாரியில் ஒற்றைச் செருப்புகள், மூக்குக்கண்ணாடிகள், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பல்செட். விசிறிக் காற்றில் சீட்டுகள் மெதுவாகத் திரும்பித் திரும்பி ஆடின. அங்கே நிற்கும்போது எனக்கு வந்த காரியமே மறந்துவிட்டது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"மறக்கவும் இல்ல, மறுக்கவும் இல்லன்னு போட்டா என்ன சார்? ஒரு வரியில இடம் பத்தலைன்னா அடுத்த வரியில போடுங்க."

அச்சகத்தில் இப்படி ஒரு யோசனையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதன் பிறகு புதன்கிழமைதோறும் போகிறேன், முழுக்க முழுக்கக் கேப்டன் விஷயமாகத்தான். சும்மா போய் நின்றால் நன்றாக இருக்காது என்று, குடை தொலைந்துவிட்டதாக மூன்று தடவை புகார் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை என் கையிலேயே குடை இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பதிவேட்டில் எழுதிக்கொண்டார். போன வாரம் மத்தியானத் தூக்கத்தில் உங்கள் தங்கை வந்தாள். படகின் பின் பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டே நின்றேன். அவள் தலையை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டாள். அந்த இடம் யாருக்கு என்று கேட்பதற்குள் விழித்துக்கொண்டேன். அன்று பூராவும் அழுதேன் மச்சான், ஆனால் அது துக்கமாக இல்லை.

ஆகவே தீர யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். கேப்டன் தனியாகவே இருப்பதுதான் முறை. அந்த வயதில் அவருக்கு எதற்கு இந்தச் சங்கடமெல்லாம்? பனி இருக்கிறது, படகு இருக்கிறது, ஓட்டட்டும். நடுநிலையான மனிதர் என்ற முறையில் தாங்களும் இதை ஆமோதித்து ஒரு வரி எழுதினால், தளத்தில் போட்டு விவாதத்தை முடித்துவிடுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கண்ணுக்குச் சொட்டு மருந்து வேளை தவறாமல் விடச் சொல்லவும். தங்கள் இருவர் ஆசியும் எனக்கு எப்போதும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

பி.கு.: மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். இந்த ஞாயிறு போன் செய்யவேண்டாம், காலை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். கூட அந்த அம்மாளும் வருகிறார். இந்தக் கடிதத்தை அவர் படித்துவிட்டார், பயப்படாதீர்கள் என்று என்னிடம் சொன்னார், பிறகு தானும் பயப்படுவதாகச் சொன்னார். அவரை என்ன உறவு சொல்லி அழைப்பது என்று நீங்கள் திண்டாடவேண்டாம், போகப் போக ஏதாவது அமையும். கதவைத் திறந்ததும் என்னை மட்டும் எப்போதும் போல "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிட எனக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை.