துரை வாயில் நுரை

கஜா புயலில் எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு வைத்த கன்றுகள் முதல் காய்ப்பு காய்த்த வருஷம் அது. அந்தச் சித்திரையில்தான் நான் என் வீட்டு நாயைக் கொல்லப் பார்த்தேன். கையால் அல்ல, வாயால்.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்குப் படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். (இப்பவே சிரிக்கிறா. எழுதும்மா.)

துரை என்பது நாயின் பெயர். வந்த அன்றைக்கே குழம்பு ஊற்றாத சோற்றை மூக்கால் தள்ளிவிட்டது. அதனால் அந்தப் பெயர். அப்போது அதற்குப் பதின்மூன்று வயது, எனக்கு எழுபதுக்கு மேல். காலையில் எழும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி முனகுவோம். யார் முனகினது என்று என் மனைவி பாக்கியத்துக்கே குழப்பம் வரும்.

அந்த வருஷம் துரை சுவரை உரசிக்கொண்டே நடக்க ஆரம்பித்தது. படியில் இறங்குமுன் காலால் துழாவும். பைக்கை இடம் மாற்றி நிறுத்தினால் போய் முட்டும்.

"மாமா, துரைக்குக் கண்ணு தெரியலையோ?" என்று செல்வி கேட்டாள்.

"கெழட்டுத் திமிரும்மா அது. நான் பாக்காத நாயா? கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு."

பளிச்சென்று இருப்பதாகச் சொன்னது யார்? பொங்கலுக்கு ஜவுளிக்கடை வாசலில் தொங்கிய சட்டையைச் சம்பந்தி என்று நினைத்துக் கும்பிடு போட்ட அதே நான். கண் முகாம் வேன் ஊருக்குள் வந்தால் தோப்புக்குள் போய் ஒளிந்துகொள்வேன். (கத்தியக் கண்ணுகிட்டக் கொண்டாந்தா எவன் இருப்பான்?)

பேரனுக்குக் காதுகுத்து வைத்தோம். வாசல் முழுக்கச் சாமியானா, இரும்புக் கம்பம், கயிறு, பிளாஸ்டிக் நாற்காலி. வேப்பமரத்தடியில் துரையின் தண்ணீர்ச் சட்டி எத்தனையோ வருஷமாக ஒரே இடத்தில் கிடந்தது. விருந்தாளி கண்ணில் நாய்ச்சட்டி படக்கூடாது என்று அதைத் தூக்கி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போட்ட பெருமை என்னுடையது. காலியான இடத்தில் நல்ல நிழல் என்று சமையல்காரர் தயிர் அண்டாவை இறக்கிவிட்டார். அவருடைய அப்பாவும் சமையல்காரர்தான். அவர் வைக்கிற சாம்பாருக்காகவே நான் அழைக்காத கல்யாணத்துக்கும் போயிருக்கிறேன். (சரி, சரி. காதுகுத்துக்கு வாரேன்.)

செல்வியின் தம்பி மடியில் பேரன். ஆசாரி வலது காதைக் குத்திவிட்டு இடது காதுக்கு ஊசியைக் கொண்டு போகிறார். பின்பக்கம் டமார் என்று ஒரு சத்தம். திரும்பினேன். துரை வருகிறது. கம்பத்தில் முட்டுகிறது, தள்ளாடுகிறது, அடுத்த கம்பத்திலும் முட்டுகிறது. தலையை உதறுகிறது. வாயெல்லாம் வெள்ளையாக நுரை.

"வெறி புடிச்சிருச்சு! ஓடுங்க, ஓடுங்க!"

கத்தியது நான்தான். ஊரே நாற்காலி மேல் ஏறிவிட்டது. ஆசாரியின் கை ஒரு ஆட்டம் ஆடியது. பேரன் வீறிட்டான். நான் வாசலோரம் நின்ற டிராக்டர் டிப்பரில் ஒரே தாவில் ஏறியிருந்தேன். (முட்டிவலியா? அது கீழேயே நின்னுருச்சு.) ஏறிய பிறகுதான் பாக்கியம் கீழே நிற்பது ஞாபகம் வந்தது.

"ஏங்க, என்னையும் தூக்கி விடுங்க!"

"நீ அங்கிட்டு ஓடு! நான் இங்கிட்டுப் பாத்துக்கிறேன்!"

பாக்கியத்தின் தம்பி ராமையா வீரன். கைக்கு அகப்பட்ட கம்பத்தைப் பிடுங்கினான். அது சாமியானாவைத் தாங்கி நின்ற கம்பம். பாதிச் சாமியானா சம்பந்தி வீட்டார் தலையில் இறங்கியது.

"மச்சான், வழி விடச் சொல்லுங்க! ஒரே போடு!"

நான் கத்தக் கத்த, துரை காதைத் தூக்கியது. அந்த அமளியில் அதற்குத் தெரிந்த குரல் ஒன்றே ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு நேராக டிப்பரைப் பார்த்து வந்தது. நான் இன்னும் கத்தினேன். அது இன்னும் வேகமாக வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு வந்ததாம். வால் எனக்குத் தெரியவில்லை. நுரைதான் தெரிந்தது.

"அடி ராமையா, அடி!" என்றேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் வாய் கசக்கிறது.

கம்பம் உயர்ந்தது. அதற்குள் செல்வி குறுக்கே விழுந்து துரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"யாரும் தொடாதீங்க! மாமா, இது நொரை இல்ல, தயிரு! கண்ணு தெரியாம முட்டிக்கிட்டு வருது. வெறிநாய் ஊசியெல்லாம் வருசா வருசம் நான் போட்டுக்கிட்டுத்தானே வாரேன்!"

தண்ணீர்ச் சட்டி இருக்கும் என்று நம்பிப் போய், தயிர் அண்டாவில் வாயை வைத்திருக்கிறது. சமையல்காரர் கரண்டியால் ஒன்று போட, மிரண்டு ஓடியிருக்கிறது. அன்றைய பந்தி ரசத்தோடு முடிந்தது.

மறுநாள் காலையில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எத்தன நாளாப் பார்வை இல்ல?"

"நேத்துலேருந்துதாம்மா."

"ரெண்டு கண்ணுலயும் வெள்ளை முத்திக் கெடக்கு ஐயா. ரொம்ப நாளா இருக்கும். பழகின வீடு, அதான் மனப்பாடமா நடந்திருக்கு. நீங்க பாக்கலையா?"

செல்வி என்னைப் பார்த்தாள். டார்ச்சும் மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"நான் மாட்டு டாக்டர்தான். ஆனாலும் சொல்றேன், ஒங்களுக்கும் இதேதான்."

சர்க்கரை இருந்தாலும் நாய்க்குக் கண்ணில் வெள்ளை விழுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்தார், இல்லை. ஆபரேஷன் உண்டு, இந்த வயதுக்கு மயக்க ஊசி தாங்குமா என்பது சந்தேகம் என்றார். சாமானை இடம் மாற்றாதீர்கள், சட்டியை நகர்த்தாதீர்கள், தொடுவதற்கு முன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், படுக்கச் சாக்கு போடுங்கள் என்றார். நான் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

"எந்திரிக்க முனகுதும்மா. என் முட்டிவலி மாத்திரையில பாதி குடுக்கட்டா?"

"குடுத்துறாதீங்க! கொடல் புண்ணாகி ரத்தமாப் போகும். அதுக்குன்னு மருந்து இருக்கு, நான் எழுதித் தாரேன்."

அடுத்த மாதமே புதுக்கோட்டையில் என் கண்ணுக்கு ஆபரேஷன். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் துரையின் முகத்தைக் கையில் ஏந்திப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் நுங்கு வைத்த மாதிரி இருந்தது. அது என் கையை நக்கியது.

அதற்குப் பிறகு துரை இரண்டு வருஷம் எங்கும் முட்டாமல் இருந்துவிட்டுப் போனது. சட்டியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. பேரனின் இடது காதுத் துளை ஓரமாக விழுந்துவிட்டது. ஏன் என்று கேட்டால், "எங்க தாத்தா கத்துன எடம்" என்கிறான். பந்தியில் தயிர் வந்தால் ராமையா எழுந்து நிற்பான்: "மச்சான், தயிரு வருது, டிப்பர்ல ஏறிக்கங்க!"

உங்கள் பக்கத்தில் யார் வீட்டிலாவது கிழநாயோ கிழப்பூனையோ சுவரை ஒட்டி நடந்தால், அது திமிர் இல்லை, கண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நான் "அடி" என்றதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண்டாட்டியைக் கீழே விட்டுவிட்டு டிப்பரில் ஏறியதை மட்டும் சொல்லாதீர்கள்.