பீட்ரூட் நிறத்தில் ஒரு வாக்கெடுப்பு

சிட்னி நகரத்துக்கு ஜனநாயகத்தைக் கொண்டுவந்தவர் பிரேரணைதான். அவர் வருவதற்கு முன்பு அங்கே தேர்தல்கள் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தன.

பிரேரணை என்பது நாங்கள் வைத்த பெயர். சொந்தப் பெயர் மிக நீளம். தகப்பன் வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் அடுத்தடுத்து வரும். முழுவதையும் சொல்லி முடிப்பதற்குள் அவர் அறையை விட்டுப் போயிருப்பார். சிலி நாட்டுக்காரர். அங்கே ஒரு துணி ஆலையில் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் சங்கத்தின் கதவில் பூட்டு விழுந்தது. செயலாளர் மலையைத் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போய், அங்கிருந்து எப்படியோ சுற்றி, எழுபதுகளின் நடுவில் சிட்னியின் லிட்கம் பகுதியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு ஒரு சூட்கேஸுடன் வந்து சேர்ந்தார்.

அந்த வீட்டின் முன் அறையில் ஏற்கெனவே நாங்கள் இரண்டு பேர். நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்தி எழுதியவன். மற்றவர் கந்தையா அண்ணை, கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். எங்கள் இருவருடைய தகுதியையும் அனுபவத்தையும் கவனமாகப் பரிசீலித்த அவுஸ்திரேலியா, பீட்ரூட்டை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்கு எங்களை அனுப்பியிருந்தது. பீட்ரூட் வைக்காவிட்டால் ஹம்பர்கரை ஹம்பர்கர் என்று ஒப்புக்கொள்ளாத நாடு அது. ஆகவே வேலைக்குக் குறைவில்லை.

பிரேரணை வாசலில் நின்றதும் கந்தையா அண்ணை என்னிடம் சொன்னார்: "தம்பி, உந்தாளுக்கு ஒரு கதிரை எடுத்துப் போடு. மேசையிலை பாண் கிடக்கு. குசினிக்கை தேத்தண்ணியும் இருக்கு."

சூட்கேஸ் கீழே விழுந்தது. "மேசா! பான்! கொசினா!" என்று கத்திக்கொண்டு வந்து அண்ணையைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். மேசை, பாண் என்ற ரொட்டி, குசினி என்ற சமையலறை எல்லாம் போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்கள், அவை அவருடைய ஸ்பானிய மொழிக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று விளக்குவதற்கு எங்களிடம் ஆங்கிலம் இருந்தது, அவரிடம் இல்லை. நாங்கள் வழிதவறிப் போன சிலிக்காரர்கள் என்ற முடிவுக்கு அன்றே வந்துவிட்டார். கந்தையா அண்ணை முகம் கழுவப் போய் வெகுநேரம் வரவில்லை.

அவரிடம் ஆங்கிலம் இல்லை என்றது முழுச் சரியில்லை. ஒரு வாக்கியம் இருந்தது. கூட்டங்களில் பயன்படும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "மிஸ்டர் சேர்மன், ஐ மூவ்." தலைவர் அவர்களே, நான் பிரேரிக்கிறேன், அதாவது ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன். இதை வைத்துக்கொண்டே அவர் சிட்னியில் வாழ்ந்தார். இறைச்சிக் கடையில், "மிஸ்டர் சேர்மன், ஐ மூவ், ஒரு கிலோ எலும்பு." கடைக்காரர் தனக்குப் பின்னால் தலைவர் யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு எலும்பைக் கொடுத்தார். ரயில் நிலைய ஜன்னலில் சென்ட்ரலுக்கு டிக்கெட் பிரேரித்தார். ஒருமுறை பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டே பிரேரித்ததாகக் கேள்வி.

வீட்டில் எதுவும் வாக்கெடுப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. யார் முதலில் குளிப்பது, வானொலியை எவ்வளவு சத்தமாக வைப்பது, மீன் டின்னை இன்றைக்கு உடைப்பதா நாளைக்கா? பிரேரித்துவிட்டு, வலது கையை நேராக மேலே தூக்கிக்கொண்டு எங்களைப் பார்ப்பார். தோற்றால் துளி வருத்தமும் காட்டமாட்டார். வென்றவன் தன் வெற்றியை அனுபவிக்கும்படி கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வார். நான் குளிர்காலத்தில் முதல் குளியலை வென்றுவிட்டு வருந்தியிருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே தடை கந்தையா அண்ணையின் தலை. அவரிடம் ஒன்றைக் கேட்டால் தலை வலமும் இடமும் மெதுவாகச் சாயும். நமக்கு அது 'ஓம்', 'பாப்பம்', 'என்னை ஏன் கேக்கிறாய்' என்ற மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகச் சொல்லிவிடும். சிலியில் அப்படியொரு தலை கிடையாது.

"ஆதரவா?" என்பார் பிரேரணை. தலை சாயும். "எதிர்ப்பா?" அதே தலை, அதே சாய்வு. "நடுநிலை?" மறுபடியும்.

"தலை செல்லாது! கை! கை வேணும்!" என்று தன் கையைக் கொடிமரம் போல் ஆட்டுவார்.

அண்ணை என்னிடம் தமிழில் சொல்வார்: "இருபது வருசம் அரசாங்கக் கந்தோரிலை வேலை பார்த்தனான் தம்பி. கை தூக்கினவனையெல்லாம் தூர ஊருக்கு மாத்திப்போட்டாங்கள். நான் ஒருநாளும் தூக்கேல்லை. ஒருநாளும் என்னை மாத்தேல்லை."

இரவில் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்பது பிரேரணையின் பிரேரணை. நான் எதிர்த்தேன். அண்ணையின் தலை சாய்ந்தது. வாக்குகள் சமம் என்பதால் ஜன்னல் பாதி திறந்திருந்தது. மூவருக்கும் சளியும் தடிமனும் முழுதாகவே வந்தன.

வீட்டுக்காரி ஓர் ஐரிஷ் வம்சாவளி விதவை. கறி வாசம் சுவரில் ஒட்டுகிறது, இனிமேல் மிளகாய்த்தூள் கூடாது என்று குசினி வாசலில் நின்று அறிவித்தாள். பிரேரணை உடனே எழுந்து, வெள்ளிக்கிழமைகளில் கறி அனுமதிக்கப்பட வேண்டும் என்று பிரேரித்து வாக்கெடுப்புக்கு விட்டார்.

"இது என்ர வீடு" என்றாள் அவள்.

"சிறுபான்மையின் கருத்து மரியாதையுடன் கேட்கப்பட்டது" என்று பிரேரணை சைகையிலேயே சொன்னார். எப்படி என்று கேட்காதீர்கள். எங்களுக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவளே வாசலில் வந்து, "இன்றைக்கு ஆட்டா, கோழியா?" என்று கையைத் தூக்கத் தொடங்கிவிட்டாள்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். அதற்குள் அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வந்திருந்தது. அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். அசலில் வினைச்சொற்கள் இல்லை. "அங்கே இப்போது நாலு பேர் சேர்ந்து நிற்க முடியாது. கை தூக்கினால் அந்தக் கையைத் தேடி வருவார்கள். இங்கே தூக்கலாம். ஆனால் ஒருவரும் தூக்குவதில்லை. ஏன்?"

கேள்வியை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்.

உண்மையில் எங்கள் தொழிற்சாலையில் எல்லோரும் தினமும் கை தூக்கினோம், கழிப்பறைக்குப் போவதற்கு. கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மேற்பார்வை பார்க்கும் ஃபோர்மன் பார்த்துத் தலையசைத்தால் போகலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான். டின்களைக் கொண்டுபோகும் பெல்ட் ஓடும்போது ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. பெல்ட்டின் இருபக்கமும் நின்றவர்கள் பெரும்பாலும் சிலி, உருகுவே பெண்கள். சில கிரேக்கப் பெண்கள். ஆங்கிலம் மட்டும் பேசலாம் என்றால் அவர்களுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று பொருள். எங்களோடு வேலைக்குச் சேர்ந்திருந்த பிரேரணை, அவித்த பீட்ரூட்டை வண்டியில் தள்ளிவந்து கொட்டுவார். நான் லேபல் ஒட்டும் பக்கம். கந்தையா அண்ணை பெல்ட்டின் முனையில் டின்களைப் பெட்டியில் அடுக்குவார். பெல்ட்டை நிறுத்தும் சுவிட்சும் அவர் பக்கத்தில்தான். ஃபோர்மன் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. அண்ணையைப் போல் அதைத் தொடாமல் இருக்கக்கூடியவர் அந்தக் கண்டத்திலேயே இல்லை.

தொழிற்சங்க அதிகாரி ஒருமுறை வந்தார். சாப்பாட்டு அறையில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று ஆங்கிலத்தில் பேசினார். பெண்கள் மரியாதையுடன் கைதட்டினார்கள். பிரேரணை எழுந்து, "மிஸ்டர் சேர்மன், ஐ மூவ்" என்று தொடங்கி மீதியை ஸ்பானிய மொழியில் சொன்னார்.

"இங்கிலீஷ், மேட்" என்றார் அதிகாரி.

பிரேரணை உட்கார்ந்தார். எழுந்தார். அதே வாக்கியம், அதே மொழி. அதிகாரி காரில் ஏறிய பிறகும் கண்ணாடிக்கு அருகில் போய், "மிஸ்டர் சேர்மன்" என்றார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தான் வாழ்க்கையில் சந்தித்த மிக மோசமான தலைவர் அவர்தான் என்று பிரேரணை மாலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெல்ட்டில் எல்சா என்றொரு சிலிப் பெண் இருந்தாள். சிறுநீரகக் கோளாறு, நிறையத் தண்ணீர் குடிக்கும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். குடித்தால் கை தூக்க வேண்டும். தூக்கினால் ஃபோர்மன் வேறு பக்கம் பார்ப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அனுமதி இல்லாமலே போய்விட்டாள். இன்னொரு முறை போனால் வேலை இல்லை என்றார் ஃபோர்மன்.

எல்சாவின் கணவன் சிலியில் சிறையில் இருந்தான். வேறொரு நாடு ஏற்றுக்கொண்டால் விடுவார்கள் என்ற நிலை. அவனை இங்கே அழைக்க அவளுக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆக, ஒரு மனிதன் சிறையிலிருந்து வெளியே வருவது, அவன் மனைவி சிட்னியில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள் என்பதில் வந்து நின்றது. அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். முகம் வீங்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலைத் தேநீர் இடைவேளையில், முற்றத்தில், பீட்ரூட் பெட்டிகளுக்குப் பின்னால் பிரேரணை கூட்டத்தைக் கூட்டினார். ஒரு கிரேக்கப் பெண் வேலைநிறுத்தம் என்றாள்.

"வேண்டாம்" என்றாள் எல்சா. "முதலில் வேலையிலிருந்து அனுப்பப்படுவது நான்."

பிரேரணை யோசித்தார். பிறகு, விதியை மீற வேண்டாம், விதிப்படியே நடப்போம் என்று பிரேரித்தார். எல்லோரும், ஒரே நேரத்தில்.

கைகள் உயர்ந்தன. என்னுடையதும். கந்தையா அண்ணையின் தலை வலமும் இடமும் சாய்ந்தது.

"அண்ணை, இண்டைக்காவது" என்றேன்.

"பாப்பம்" என்றார்.

பெல்ட் ஓடத் தொடங்கிச் சற்று நேரத்தில் எல்சா கையைத் தூக்கினாள். ஃபோர்மன் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பக்கத்திலும் ஒரு கை உயர்ந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் ஒன்று. பெல்ட்டின் இருபக்கமும் முழங்கை வரை சிவந்த கைகள் ஒவ்வொன்றாக எழுந்து அப்படியே நின்றன. ஒருவரும் பேசவில்லை, ஆங்கிலத்தில் சொல்ல எதுவும் இல்லை.

தூக்கிய கையால் டின்னில் அடைக்க முடியாது. பெல்ட்டுக்கு அது தெரியாது. டின்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளின, வெட்டிய பீட்ரூட் குவிந்து சரிந்தது, சிவந்த சாறு நிலத்தில் ஆறாக ஓடியது.

"நிறுத்து! பெல்ட்டை நிறுத்து!" என்று ஃபோர்மன் கந்தையா அண்ணையைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணை சுவிட்சைப் பார்த்தார். எல்சாவைப் பார்த்தார். பிறகு, இருபது வருட அரசாங்க சேவையில் ஒருநாளும் உயராத அந்தக் கை, முதலில் தோள் வரைக்கும், பிறகு காது வரைக்கும், பிறகு முழுதாக மேலே போயிற்று.

"உனக்கு என்ன வேணும்?"

"அனுமதி, சேர்" என்றார் அண்ணை, கந்தோர் ஆங்கிலத்தில், மிகப் பணிவாக. "வரிசையில் எனக்கு முன்னால் பலர் இருக்கிறார்கள். காத்திருக்கிறேன்."

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். கோடை காலத்து வெளிர் நிறச் சூட். கதவைத் தாண்டி மூன்றாவது அடியில் சறுக்கினார். எழுந்தபோது அவரும் எங்களில் ஒருவராகத் தெரிந்தார். என்ன நடக்கிறது என்று கேட்டார். விதிப்படி கழிப்பறைக்கு அனுமதி கேட்டிருக்கிறோம், ஒருவர் பின் ஒருவராகப் போய்வருவோம் என்று நான் சொன்னேன். அவர் கைகளின் வரிசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தன் காற்சட்டையைப் பார்த்தார்.

"கடவுளே, போகச் சொல்லுங்கள்!" என்று ஃபோர்மனிடம் கத்தினார்.

எல்சா முதலில் போனாள். அவசரப்படவில்லை. ஒரு மகாராணி பூங்காவுக்குப் போவது போலப் போனாள். அதன் பிறகுதான் அண்ணை சுவிட்சைத் தொட்டார்.

அன்று மாலைக்குள் கை தூக்கும் விதி போயிற்று. எல்சாவுக்கு விடுத்த எச்சரிக்கையும் போயிற்று. அந்த வாரக் கடைசியில் பெல்ட்டில் ஸ்பானிய மொழி கேட்டது; ஃபோர்மன் கேட்காதது போல் நடந்தார். பிரேரணைக்கு மட்டும் திருப்தியில்லை. எதிர்ப்பு வாக்குகளைக் கேட்காமல் கூட்டம் கலைந்துவிட்டதாம். மேலாளரிடம் போய், "மிஸ்டர் சேர்மன்" என்று தொடங்கினார். நாங்கள் இருவரும் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் பத்திரிகைகளை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். பழைய பழக்கம். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. குதிரைப் பந்தய முடிவுகள் விரிவாக வந்திருந்தன. இன்று வரைக்கும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அந்த நாட்டுக்கு அந்தப் பெண்கள் கொடுத்தது எம்பனாடா என்ற இறைச்சி அடைத்த பணியாரம் மட்டும்தான் என்று நினைப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

அடுத்த வசந்தத்தில் எல்சாவின் கணவன் வந்தான். பெல்ட்டில் இருந்தவர்கள் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். எல்சாவின் முகத்தில் வீக்கம் இல்லை. கதவு திறக்குமுன் பிரேரணை எங்களை ஒரு மூலைக்கு அழைத்தார்.

"அந்த மனிதன் போதுமான அளவு கண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறான். ஆகவே, ஐ மூவ், இங்கே ஒருவரும் அழக் கூடாது."

கைகள் உயர்ந்தன. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் சிவப்புப் போகாத கைகள். முதலில் உயர்ந்தது கந்தையா அண்ணையுடையது. ஏகமனதாக நிறைவேறியது.

கதவு திறந்தது. ஒல்லியான ஒருவன், தன் அளவுக்குப் பெரிய கோட்டுடன் வந்து நின்று, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தான். எல்சா ஓடினாள். எங்கள் பக்கத்தில் யாரோ பெரிதாக விசும்பும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். பிரேரணை இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள்கள் குலுங்க அழுதுகொண்டிருந்தார்.

தீர்மானம் மீறப்பட்டதாக ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.