பொட்டலம் அண்ணனும் ஒரு வெறும் பொட்டலமும்

பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில், எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத ஒரே மனிதர் எங்கள் பொட்டலம் அண்ணன்தான். அடித்துச் சொல்வேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் உறையைக் கிழிக்கமாட்டார். ஓரத்தில் தண்ணீர் தொட்டு, பசையை இளக்கி, ஏதோ ஆபரேஷன் நடக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு திறப்பார். பஜ்ஜி சுற்றி வந்த தாளை எண்ணெயோடு நீவிவிட்டு இரண்டு பக்கமும் படிப்பார். ஒரு நாள் அது ஒரு பள்ளிக்கூடப் பரீட்சைத் தாளாக இருந்துவிட்டது. "ஏழாவது கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு தங்கச்சி. வாத்தியாருதான் பார்க்காம அடிச்சிட்டாரு. பாவம், யாரு பெத்த புள்ளையோ!" என்று சாயங்காலம் வரை புலம்பினார். பஜ்ஜியைத் தின்றது நான்.

இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்த கதை. வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு நூல் மில். நான் கன்னிவாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து, டெஸ்பாட்ச் செக்‌ஷனில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி அவருடையது. மில்லில் இருந்த அத்தனை கம்ப்யூட்டருக்கும், அவற்றை ஒன்றோடொன்று இணைத்த நீல வயருக்கும் அவர்தான் பொறுப்பு. பேகம்பூரில் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பலசரக்குக் கடை. அண்ணன் நடக்கத் தெரிவதற்கு முன்பே பொட்டலம் கட்டத் தெரிந்தவர் என்று அவரே சொல்வார்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் எங்கள் ஜி.எம். வந்து, "நெட்வொர்க் நெட்வொர்க்னு சொல்றியே, அதுல என்னதான்யா போகுது?" என்று கேட்டார்.

"பொட்டலம் சார்."

"என்னது?"

"ஒரு கம்ப்யூட்டரு இன்னொண்ணுக்கு எதையும் மொத்தமா அனுப்பாது சார். சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டித்தான் அனுப்பும். மேல அனுப்புறவன் விலாசம், வாங்குறவன் விலாசம், உள்ள எம்புட்டு இருக்குன்னு அளவு, எல்லாம் எழுதியிருக்கும். எங்க அத்தா கடையில கட்டுறாப்புலதான்."

"பாக்கெட்டுன்னு சொல்லேன்யா."

"பாக்கெட்டுன்னா எல்லாரும் பாலுன்னு நெனச்சுக்குவாங்க சார்."

"சரி, இதுல உன் வேலை என்ன?"

"போற வார பொட்டலத்தையெல்லாம் பிரிச்சுப் பார்ப்பேன் சார்."

ஜி.எம். முகம் மாறிவிட்டது. "அடுத்தவன் பொட்டலத்தையா?" என்றார். அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் மில் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் அவரைக் கண்டால் டிபன் பாக்ஸை முந்தானைக்குள் மறைத்தார்கள். பார்சல் ரூம் வாட்ச்மேன் அவரை வாசலிலேயே மறித்தார். 'பொட்டலம் அண்ணே' என்று முதலில் கூப்பிட்ட புண்ணியவதி யார் என்று கேட்கிறீர்களா? நான்தான். பிறகு மில்லே அப்படித்தான் கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்த்தார், நாங்களும் பழகிவிட்டோம்.

போனில் அவரோடு பேசுவது தனி அவஸ்தை. எடுத்ததும் "கேக்குதா?" என்பார். நாம் "கேக்குது, உங்களுக்குக் கேக்குதா?" என்று திருப்பிக் கேட்கவேண்டும். அவர் "கேக்குது" என்று முடித்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. "கம்ப்யூட்டரே இந்த மரியாதை குடுத்துட்டுத்தான் தங்கச்சி பேசுது. மனுசன் குடுத்தா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்பார். கேன்டீனுக்கு டீ சொல்வதற்குள் டீ ஆறிவிடும்.

பொட்டலம் பிரிக்க அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. காசு கிடையாது. அதை எழுதிய நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். எந்தெந்த நாட்டிலோ இருக்கிறவர்கள் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் சேர்ந்து எழுதியது. சில மாதத்துக்கு ஒருமுறை அதற்கு ஓர் அப்டேட் வரும். புதிதாகப் பகட்டு எதுவும் இருக்காது. இருக்கிற தப்புகளைத் திருத்தி, இன்னின்ன தப்பு, சொன்னவர் இன்னார், அவருக்கு நன்றி என்று ஒரு பட்டியல் போடுவார்கள். எங்கள் அண்ணனுக்கு அன்றைக்குத்தான் திருநாள். ஆபீஸ் முழுக்கக் கடலைமிட்டாய் கொடுப்பார்.

"பதினேழு தப்பு திருத்தியிருக்காங்க தங்கச்சி! 'ஆமாய்யா, நாங்க தப்புப் பண்ணிட்டோம்'னு ஒலகத்துக்கே எழுதிப் போட்டிருக்காங்க பாரு. நம்ம மில்லுல எவனாச்சும் ஒண்ணை ஒத்துக்குவானா?"

அப்போதெல்லாம் இன்டர்நெட் டெலிபோன் வயரில் வரும். யாராவது ரிசீவரைத் தூக்கினால் வந்ததெல்லாம் போச்சு. அதனால் அப்டேட் இறங்கும் நாளில் போன் மேல் ஓர் அட்டை தொங்கும்: 'தொடாதீர்கள். பொட்டலம் வந்துகொண்டிருக்கிறது.'

இப்படிக் குஷியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஆபீஸுக்கு ஒரு சனி பிடித்தது. தினமும் மூன்று மணிக்கு ஷிஃப்ட் சங்கு ஊதியதும் எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படியே உறைந்து நிற்கும். லாரி வெளியே நிற்கும், டிரைவர் என்னைத் திட்டுவார், பில் வராது. அரை மணி கழித்துத் தானாகச் சரியாகும். அண்ணன் வயரை மாற்றினார், வயரெல்லாம் வந்து சேரும் பெட்டியை மாற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. ஜி.எம். பொறுமை இழந்தார்.

"பத்து நாள் டைம். அதுக்குள்ள சரியாகலேன்னா கோயமுத்தூர்லருந்து ஆளு வருவான். நீ உங்க அத்தா கடைக்கே போயிரலாம்."

அண்ணனுக்கு அது சும்மா மிரட்டல் இல்லை. அவருடைய அத்தாவும் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "அங்க போயிக் கண்ணுக்குத் தெரியாத பொட்டலத்தைப் பிரிக்கிறதுக்கு, இங்க வந்து கண்ணுக்குத் தெரியற பொட்டலத்தைக் கட்டேன்டா!" வேலை போனால் நேரே கடைதான், அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவே முடியாது. முதல் தடவையாக அவர் முகம் வாடி நான் பார்த்தேன். எனக்கே சோறு இறங்கவில்லை.

மூன்று மணிக்குத் தன் மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சங்கு ஊதியது. சொல்லிவைத்தாற்போல அந்த மென்பொருளே பொத்தென்று மூடிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது நாள், விழுவதற்கு முன் வந்த கடைசிப் பொட்டலத்தைப் பிடித்துவிட்டார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"தங்கச்சி, இங்க வா! மேல 'உள்ள இம்புட்டு இருக்கு'ன்னு எழுதியிருக்கு. உள்ள பார்த்தா ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டலம்! நம்ம சாப்ட்வேரு உள்ள கைய விட்டு, இல்லாததத் தேடித் தேடியே கவுந்துருது, அனுப்புனது யாருன்னு காட்டுறதுக்குள்ள! இதுல சாப்ட்வேரு மேலயும் ஒரு தப்பு இருக்கு!"

ஜி.எம். விழுந்து விழுந்து சிரித்தார். "ஒலகம் பூரா வச்சிருக்கிற சாப்ட்வேர்ல திண்டுக்கல்காரன் தப்புக் கண்டுபிடிச்சிட்டானாம்!" எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி எறிந்திருப்பேன். வயர் நீளம் போதவில்லை.

"எழுதிப் போடுவோம்ணே. நான் டைப் அடிக்கிறேன்" என்றேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத வராது. எனக்கு வரும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்த எனக்குத் தெரிந்த ஒரே கடிதம் லீவ் லெட்டர். ஆகவே, 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து, சப்ஜெக்ட் போட்டு, ரெஃபரன்ஸ் நில் போட்டு, 'ஐ ஹம்ப்ளி சப்மிட் தட் மை சாப்ட்வேர் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபாலிங்' என்று தட்டினேன். கடைசியில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'. பிடித்துவைத்த பொட்டலத்தையும் அண்ணன் கூடவே இணைத்துவிட்டு, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அப்போதுதான் வந்தது வில்லங்கம். அனுப்புகிறவர் பெயர் கேட்டது. எனக்கு அவர் பெயர் தெரியவில்லை! இரண்டு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பாதி டிபனைப் பங்கு போட்டுத் தின்றவள், சத்தியமாகத் தெரியவில்லை. இன்டர்நெட் வேறு எந்த நிமிஷம் அறுந்துபோகுமோ தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு 'பொட்டலம், திண்டுக்கல்' என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. 'டியர் பொட்டலம்' என்று தொடங்கியது. அண்ணன் பார்க்குமுன் திரையைத் திருப்பிக்கொண்டேன். தான் எவருக்கும் மேலதிகாரி இல்லை, கீழ்ப்படிய வேண்டாம் என்று அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தார். ஆனால் வெறும் பொட்டலம் தன்னையும் கவிழ்த்துவிட்டது, திருத்தியாகிவிட்டது, அடுத்த வார அப்டேட்டில் வரும் என்று முடித்திருந்தார். அண்ணனிடம் சங்கதியை மட்டும் வாயால் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் வளையல் ஒன்று உடைந்தது. அப்போதாவது பெயரைக் கேட்டிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

பத்தாவது நாள் காலையில் அப்டேட் வந்தது. போன் மேல் அட்டை தொங்கியது. இரண்டு மணி சுமாருக்கு ஜி.எம். வந்து, அட்டையைப் படித்துவிட்டு, படித்ததை மறந்து ரிசீவர் மேல் கையை வைத்தார்.

"சார்ர்ர்!"

பொட்டலம் அண்ணன் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன். ஜி.எம். சுட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முழுசாக இறங்கி முடிந்தது. அண்ணன் அதை ஏற்றினார். ஆபீஸ் மொத்தமும் அவர் பின்னால் கூடிவிட்டது. சங்கு ஊதியது. அண்ணனுடையது தவிர எல்லாத் திரைகளும் உறைந்தன. அந்த மென்பொருள் மட்டும் விழவில்லை! வரி வரியாகக் கொட்டியது. எல்லாம் வெறும் பொட்டலம், எல்லாவற்றிலும் அனுப்பியவர் விலாசம் ஒன்றுதான்.

"கேட்டுல இருக்கிற மெஷினு!" என்று கத்திக்கொண்டு அண்ணன் ஓடினார். வாசலில் வேலையாட்கள் அட்டை தேய்க்கிற பஞ்சிங் மெஷினின் நீல வயரைப் பிடுங்கினார். என் திரை உயிர் பெற்றது. பிரிண்டர் தடதடவென்று பில்லைத் துப்பியது. "அண்ணே, ஓடுது! ஓடுதுண்ணே!" என்று நான் ஜன்னல் வழியே கத்தியதில், லாரி டிரைவர் தன்னைத்தான் கிளம்பச் சொல்கிறேன் என்று நினைத்து வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஜி.எம். மெதுவாக வந்தார். "ஏன்யா, இது என் மச்சான் வாங்கிக் குடுத்த மெஷினு."

"தெரியும் சார். உள்ள ஒண்ணுமே இல்லாம, இருக்கு இருக்குன்னு கத்திக்கிட்டே இருக்கு சார்."

ஜி.எம். குனிந்து அந்த வயரை எடுத்துச் சுருட்டினார். "அவனும் அப்படித்தான்யா" என்றார்.

கடலைமிட்டாய் வந்தது. அண்ணன் வழக்கம்போலத் திருத்தப் பட்டியலை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். எனக்கு மட்டும் வாயில் வைத்த மிட்டாய் கரையவில்லை. ஒன்பதாவது வரியில் நின்றார். வெறும் பொட்டலம் வந்தால் விழும் தப்பு திருத்தப்பட்டது. நன்றி: பொட்டலம், திண்டுக்கல்.

நான் அழுதே விட்டேன். "அண்ணே, எனக்கு உங்க பேரு தெரியலண்ணே. சத்தியமாத் தெரியல. மன்னிச்சுக்கங்க."

"ரெண்டு வருசமாவா?"

"ஆமாண்ணே."

அவர் தன் பெயரைச் சொன்னார். நீளமான, அழகான பெயர். அந்த ஆபீஸில் அதை யாரும் உச்சரித்ததே இல்லை என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் அழுகை வந்தது. "இப்பவே எழுதுறேண்ணே. அடுத்த அப்டேட்ல மாத்திருவாங்க."

அவர் அந்த வரியை இன்னொரு தடவை பார்த்தார். "வேணாம் தங்கச்சி. அப்டேட்ல தப்பைத்தான் திருத்துவாங்க. இது தப்பில்லையே."

அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் அதைக் கடைச் சுவரில் ஒட்டி, "பொட்டலம் கட்டுற நம்ம கடைக்கு வெளிநாட்டுக்காரன் நன்றி சொல்லியிருக்கான்!" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாராம். அதற்குப் பிறகு மகனைக் கடைக்குக் கூப்பிடவே இல்லை.

மில்லை விட்டு நாங்கள் இருவரும் வந்து வருஷங்கள் ஆகின்றன. இன்றும் அந்த மென்பொருளோடு வரும் நன்றிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. போன வாரம் அண்ணனிடமிருந்து போன்.

"கேக்குதா?"

"கேக்குது. உங்களுக்குக் கேக்குதாண்ணே?"

"கேக்குது. தங்கச்சி, புது அப்டேட் வந்துருச்சு! நம்ம பேரு இன்னும் இருக்கு!"

"அப்படியாண்ணே!" என்று கூவினேன். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நானும் அதைத்தான் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.