வேட் கோசக்கின் இடது முட்டி

"கோச் உன்னை வேட்னா கூப்பிட்டாரு?"

"ஆமா. வேட்."

"கோசின்னு இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு தடவை, ஸ்டப்ஸி. முதல் தடவை வேற யாரையோ கூப்பிடறாருன்னு நான் திரும்பியே பாக்கல."

ஸ்டப்ஸி சாணை இயந்திரத்தை நிறுத்தினார். கையிலிருந்த ஸ்கேட் காலணியைக் கீழே வைத்தார். கார்லிங் ஃபால்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் மட்டைகளையும் ஸ்கேட்டுகளையும் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்பவர் அவர். தன் சொந்தக் கல்யாணத்தன்றுகூடப் பாதி நாள் சாணை பிடித்தவர் என்று சொல்வார்கள்.

"அப்புறம் என்ன கேட்டாரு?"

"முட்டி எப்படி இருக்குன்னு."

"எந்த முட்டி?"

"ரெண்டும்."

"போச்சு," என்றார் ஸ்டப்ஸி.

வேட் கோசக்கும் அப்படித்தான் நினைத்தான். ஹாக்கிக்காரனை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. கோசக் என்றால் கோசி, ஸ்டப்ஸ் என்றால் ஸ்டப்ஸி. பெற்ற தாயும், போலீஸ்காரரும், ஆளை வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிடப்போகும் பயிற்சியாளரும்தான் சொந்தப் பெயரைச் சொல்லுவார்கள். அம்மா இறந்துவிட்டாள். கோச் கஸ் தார்பர்ன் போலீஸ்காரர் இல்லை.

அவனுக்கு முப்பத்தைந்து வயது. தடுப்பாட்டக்காரன். பதின்மூன்று பருவங்களில் பதினோரு ஊர்களுக்கு ஆடியிருந்தான். பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம். அதிலும் பாதி நேரம், தவறு செய்தவர்களை அடைக்கும் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தான். அவனை ஒருமுறை ஒரு கோல் கீப்பருக்காக மாற்றினார்கள். ஒருமுறை பதிலுக்கு ஒன்றுமே வாங்காமல் கொடுத்தார்கள். ஒருமுறை இரண்டு பழைய துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு ஈடாக அனுப்பினார்கள். அந்த இயந்திரங்களில் ஒன்று இன்னும் அதே ஊரில் ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டபோது அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

இதற்கெல்லாம் அவன் பழகியிருந்தான். பழகாதது ஒன்றுதான். இந்த வருடம்தான் முதன்முறையாக மனைவி லினெட்டும் மகள் பில்லியும் அவனோடு வந்து தங்கியிருந்தார்கள். அதுவரை அவர்கள் மிலோ ஹார்பரில், லினெட்டின் அம்மா வீட்டில் இருந்தார்கள். அவன் மோட்டல் அறைகளில் இருந்தான். நான்கு வயதுவரை பில்லி, அப்பா என்றால் ஒரு கைபேசி என்றே நினைத்திருந்தாள். இப்போது பெட்ரோல் பங்குக்குப் பின்னாலுள்ள வாடகை வீட்டில் தினமும் காலையில் அவளுக்கு ரொட்டி வாட்டிக் கொடுப்பவன் அவன்தான். பாதி கருகும். அவள் கருகாத பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவன் தட்டில் வைப்பாள். உலகத்தில் வேறெந்த வேலையும் அவனுக்கு இவ்வளவு பிடித்ததில்லை.

மறுநாள் நண்பகலோடு அணிகள் ஆள் மாற்றும் காலம் முடிகிறது. அதுவரை நழுவிவிட்டால் இந்த வருடம் ரொட்டி பிழைத்தது.

"ஒரே வழிதான்," என்றார் ஸ்டப்ஸி. "மோசமா ஆடு. மோசமா ஆடறவனை எவன் வாங்குவான்?"

"நான் ஏற்கெனவே மோசமாத்தானே ஆடறேன்?"

"அது பத்தாது."

பயிற்சிக்குப் போகும் வழியில் டிக்கெட் ஜன்னலிலிருந்து நோர்மா கையைக் காட்டி அழைத்தாள். தன் பேரனுக்கே டிக்கெட் இலவசமாகக் கொடுக்காதவள், ஒரு பட்டர் டார்ட் இனிப்பைக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்தாள்.

"எதுக்கு இது?"

"சும்மாத்தான் கண்ணு. உன்னைப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வேட் பட்டர் டார்ட்டை முகர்ந்து பார்த்தான். அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அதுதான் அவனுக்கு அதிகச் சந்தேகத்தைக் கொடுத்தது.

காலியான அரங்கின் மேல் வரிசையில் பழுப்புக் கோட்டு அணிந்த ஒருவர் காபியோடு உட்கார்ந்திருந்தார். பயிற்சி பார்க்க வருகிறவர்கள் இரண்டே வகை: ஆட்டக்காரர்களின் அப்பாக்கள், ஆள் பிடிக்க வருகிறவர்கள். அந்தக் கோட்டு எந்த அப்பாவுடையதும் அல்ல.

வேட் தன்னால் முடிந்த அளவு மோசமாக ஆடினான். ரப்பர் வட்டைச் சகாவுக்குத் தள்ளுவதற்குப் பதிலாக எதிர்ப்பக்கச் சுவரை நோக்கி அடித்தான். அது சுவரில் பட்டு, கம்பத்தில் பட்டு, கோல் கீப்பரின் முதுகில் பட்டு உள்ளே விழுந்தது. இரண்டு வருடங்களில் அவன் அடித்த முதல் கோல். பிறகு வேண்டுமென்றே கால் தடுமாறி விழுந்தான். விழுந்த வேகத்தில், தனியாக முன்னேறி வந்த அணியின் அதிவேக ஆட்டக்காரனின் மட்டையிலிருந்து வட்டை அழகாகப் பறித்துவிட்டான்.

"அப்படித்தான்!" என்று கோச் கத்தினார். "பாத்துக்குங்கடா! அனுபவம்னா அதான்!"

மேல் வரிசையில் பழுப்புக் கோட்டு காபியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியது.

அன்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது, லினெட் துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். அவன் கதவைத் திறந்ததும் பேச்சை வெட்டினாள்.

"யாரு?"

"யாருமில்ல. பில்லியோட தோழி அம்மா."

"பில்லிக்கு ஏது தோழி?"

"அதைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

லினெட் ஆசிரியை. கார்லிங் ஃபால்ஸில் வேறு எந்த ஆசிரியைக்காவது காய்ச்சல் வந்தால்தான் அவளுக்கு அன்றைக்கு வேலை. அதனால் அவள் வீட்டில் இருந்ததில் அதிசயமில்லை. அதிசயம், சாராயக்கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிகள் அவள் காலடியில் வரிசையாக நின்றது.

"பழைய துணியெல்லாம் சர்ச்சுக்குக் குடுக்கலாம்னு," என்றாள் அவள், அவன் கேட்கும் முன்பே.

வேட் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தான். "இது என் பூட்ஸ்."

"பழசுதானே?"

"போன மாசம் வாங்கினது, லினெட்!"

"அப்படியா? பாத்தா தெரியல." பெட்டியை மூடினாள். பிறகு, ஒரு பெண்டாட்டி கேட்பதுபோல அல்லாமல், பழைய கார் வாங்க வந்தவள் கேட்பதுபோலக் கேட்டாள்: "ஆமா, உன் முட்டி எப்படி இருக்கு?"

"ஊரே ஏன் என் முட்டியைக் கேக்குது?"

"ஒரு அக்கறைதான். இன்னிக்கும் நாளைக்கும் படியில பாத்து ஏறு."

அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. அவனைத் தனியாக வழியனுப்ப, அவன் பூட்ஸைக் கட்டிவைக்க ஆரம்பித்துவிட்டாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதுதான் அவனை அதிகம் உறுத்தியது. அவன் வாசல் படியில் போய் உட்கார்ந்து ஸ்டப்ஸியை அழைத்தான்.

"கோலா அடிச்ச?" என்றார் ஸ்டப்ஸி. "உன்கிட்ட ஒரு காரியத்தை நம்பி ஒப்படைக்க முடியுதா?"

"வேற வழி சொல்லு."

"அடிபட்டவனை எவனும் வாங்கமாட்டான். டாக்டர் சீட்டு பாக்காம பேரம் முடியாது."

"அடிபடலையே!"

"விழத் தெரியுமில்ல? அது ஒண்ணுதான் உனக்கு நல்லா வரும்."

மறுநாள், வியாழக்கிழமை, காலைப் பயிற்சியில் வேட் முட்டியைப் பிடித்துக்கொண்டு "ஆ!" என்று விழுந்தான். அவசரத்தில் அவன் தேர்ந்தெடுத்த இடம் பனித்தளத்தின் நட்டநடு. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புதுப்பையன் ஓடிவந்து, "மன்னிச்சிடு கோசி, நான் பாக்கல," என்றான்.

கோச்சின் முகம் வெளுத்தது. "எழுந்திரு, வேட். ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லைன்னு சொல்லுடா, தயவு செஞ்சு!"

இவ்வளவு ஆசையா என்னை அனுப்ப, என்று வேட் நினைத்துக்கொண்டான். இன்னும் சத்தமாக முனகினான்.

டாக்டர் பெல் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒன்றுமில்லை என்று அவர் சொல்லுவார், தான் விடாமல் வலிக்கிறது என்று சாதிக்க வேண்டும் என்று வேட் வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தான். டாக்டர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு நீ எப்படி உள்ள நடந்து வந்த?"

"நொண்டிக்கிட்டு வந்தேன் டாக்டர்."

"ஆனா நொண்டினது வலது கால்ல. படம் எடுத்தது இடது."

வேட்டுக்கு வியர்த்தது. "வலி... எடம் மாறுது டாக்டர்."

"மாறும், மாறும். இதுல வலிக்காத எடமே இருக்காது. குருத்தெலும்புன்னு ஒண்ணு இருந்த அடையாளமே இல்லையே." டாக்டர் பேனாவைத் திறந்தார். "ஆறு வாரம் தளத்துல கால் வைக்கக் கூடாது."

"ஆறு வாரமா!" வேட் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். அவருடைய தொழில்வாழ்க்கையில் அந்தச் செய்திக்கு யாரும் அப்படி நன்றி சொன்னதில்லை. வயதானவர், கண் கலங்கிவிட்டார்.

அரங்கத்துக்குத் திரும்பியபோது நண்பகல் தாண்டியிருந்தது. கோச் தார்பர்ன் தன் அறையில் தொலைபேசியை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் சீட்டு அவர் முன்னால் கிடந்தது.

"உக்காரு."

வேட் ஊன்றுகோல்களைச் சாத்திவிட்டு, முகத்தில் வலியை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"உன்னை ஒரு அணிக்கு அனுப்பறதா பேசி முடிச்சு வச்சிருந்தேன்," என்றார் கோச். "வெளியில மூச்சு விடல, விஷயம் தெரிஞ்சவங்க வாயையும் கட்டி வச்சேன். ஆட்டக்காரனுக்குத் தெரிஞ்சா உடை மாத்தற ரூம் பூரா தெரிஞ்சுடும், எவனாவது நடுவுல புகுந்து கெடுத்துடுவான்னு உனக்குக்கூடச் சொல்லல. அந்த ஆளு நேத்து வந்து பாத்துட்டு, நீ இவ்வளவு நல்லா ஆடுவேன்னு எதிர்பாக்கலைன்னான். இன்னிக்குக் கையெழுத்து."

"அடடா."

"டாக்டர் சீட்டை அனுப்பினேன். வேணாம்னுட்டாங்க."

"அடடடா." வேட் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிக்கிறியா?"

"வலி, கோச்."

கோச் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "போ. வீட்டுக்குப் போய்... எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. போ."

வேட் வெளியே வந்தான். நீண்ட நடைபாதையில் யாருமில்லை. ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பத்து வயதுப் பையனைப் போல நடந்தான். நாளைக் காலை ரொட்டியை அடுப்புப் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டும். பூட்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் வைக்க வேண்டும். ஆறு வாரம் பில்லியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம், கூட்டி வரலாம். ஒரு மனிதன் ஒரே ஊரில் இருந்துகொண்டே ஒரு பருவம் முடிந்து பனி கரைவதைப் பார்க்கலாம். அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

வாசலை ஒட்டிய டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் நோர்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மேசையில் டிக்கெட் எதுவும் இல்லை. கசங்கிய காகிதக் கைக்குட்டைகள்தான் இருந்தன.

"அழாத நோர்மா! நான் எங்கயும் போகல. இங்கயேதான் இருக்கப் போறேன்."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஜன்னல் வழியே, வாகன நிறுத்தத்தில் புகை விட்டபடி ஓடிக்கொண்டிருந்த லினெட்டின் காரைப் பார்த்தாள். அதன் பின்னிருக்கையில் கூரைவரை அட்டைப்பெட்டிகள்.

"மிலோ ஹார்பர் ஸ்கூல்ல அவளுக்கு நிரந்தர வேலை கிடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும், உன்னையும் அந்த ஊர் டீமுக்கே மாத்திவிடுங்கன்னு மூணு வாரமா இங்க வந்து கோச் கால்ல விழாத குறையா அவதான் கெஞ்சிக்கிட்டிருந்தா — எனக்கு அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் இல்ல, நீயே போய்ச் சொல்லிடறியா கண்ணு?"