அலைகள் வரிசையில் வரவும்

எங்கள் குடியிருப்பில் கட்டில் இல்லாத வீடு உண்டு, வைஃபை பெட்டி இல்லாத வீடு கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் இத்தனை பெட்டிகளும் ஒரே நேரத்தில் பேசினால் சந்தைக்கடைதான். ஒன்று சொல்வது இன்னொன்றுக்குக் கேட்காது. இதற்கு அலை மோதல் என்று பெயர்.

மோதலில் அடிபட்டவர் என் அண்ணி. வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "முக்காலையும் காலையும் கூட்டினா..." என்று வாயைத் திறப்பார். திறந்த வாய் திறந்தபடியே திரையில் உறைந்துவிடும். விடை தெரியாமலே பிள்ளைகள் விளையாடப் போய்விடுவார்கள். அண்ணனுக்கு வேலை போய், அண்ணியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கம்பெனி மேற்பார்வையாளர் அம்மாளோ, "இன்னொரு தடவை டீச்சர் உறைஞ்சு போனா, நாங்க வேற டீச்சரைப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"நம்ம அலை பத்தரைமாத்துத் தங்கம் மேடம். எதிர்வீட்டுக் கம்பெனி அலைதான் வந்து இடிக்குது."

பரிகாரமாக நாலு கொம்பு வைத்த பெட்டி வந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் சும்மா இருப்பாரா? அவருடைய கம்பெனி, எங்கள் அலைதான் இடிக்கிறது என்று சொல்லி எட்டுக் கொம்புப் பெட்டி மாட்டியது. அதன்பின் படிக்கட்டில் "சௌக்கியமா?" போய், "எத்தனை கொம்பு?" வந்தது. 'அவருக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?' என்று யாரையும் கேட்க வழியில்லை. எல்லோருக்கும் முளைத்திருந்தது. அண்ணியின் வாய் முன்னைவிட அகலமாக உறைந்தது.

வேறு வழியில்லாமல் அண்ணியும் நானும் கம்பியில்லாத் தொடர்பு ஒழுங்குமுறைத் துறைக்குப் போனோம். அதிகாரி நிதானமாகக் கேட்டார்.

"என்ன மோதுது?"

"அலை சார். எல்லா வீடும் ஒரே அலைவரிசையில இருக்கு."

அதிகாரி அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டினார். முகம் மலர்ந்தது.

"அலை... வரிசை. பேர்லயே வரிசை இருக்கே! வரிசையில நின்னா ஏம்மா மோதுது?"

"அலை எப்படி சார் நிக்கும்?"

"ஆணை போட்டா நிக்கும்."

"நான் வேணா ஒரு கம்பி போட்டுக்கட்டுமா சார்?"

அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "இது கம்பியில்லாத் துறைம்மா. இங்க வந்து கம்பிங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

'பொதுமக்கள் நலன் கருதி, சம்பந்தப்பட்ட அலைகள் யாவும் உரிய முறையில் வரிசையில் செல்லுமாறு இதனால் ஆணையிடப்படுகிறது' என்று ஆணை பிறந்தது. அலைகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வீட்டுக்காரர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். தன் முறை வரும்வரை பெட்டியின் அலையை அணைத்து வைக்க வேண்டும். எங்கள் முறை, பிள்ளைகள் எல்லாம் தூங்கிய பிறகு வந்தது. இணைப்புக் கம்பெனிகள் உடனே 'முன்வரிசைத் திட்டம்' என்று ஒன்றை விற்றன. எல்லோரும் வாங்கி எல்லோரும் முன்வரிசைக்கு வந்து, பழையபடி மோதினார்கள்.

அண்ணி பொறுத்துப் பார்த்தார். கடைக்குப் போய் ஒரு கம்பி வாங்கி வந்தார். பெட்டியின் அலையை அணைத்துவிட்டு, பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே கம்பியைச் செருகினார். முக்காலும் காலும் கூடி ஒன்று ஆயிற்று. அண்ணியின் வாய் ஒழுங்காக மூடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனுக்குத்தான் மானம் போயிற்று. "இந்தக் காலத்துல வீட்டுக்குள்ள கம்பியா? யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று அதன்மேல் கம்பளத்தை இழுத்துப் போட்டார்.

பல் டாக்டர் பார்க்கவில்லை, கேட்டுவிட்டார். எங்கள் முறை வராத நேரத்தில் வாசல் வழியாகப் பின்னக் கணக்கு கேட்டதும், துறைக்குப் புகார் போயிற்று. மறுநாள் அதிகாரியே நேரில் வந்து கம்பளத்தைத் தூக்கினார்.

"எல்லாரும் வரிசையில நிக்கிறப்போ நீங்க மட்டும் கம்பி நீட்டிட்டீங்க. அப்புறம் கம்பி எண்ண வேண்டியிருக்கும்!"

"எண்ணியாச்சு சார். ஒண்ணுதான்" என்றார் அண்ணி.

அதிகாரி கம்பியைத் தொடர்ந்து போய் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார். குரல் இறங்கியது.

"நல்லா ஓடுதே... இதைத் தடை பண்ணணும்னு மேலிடத்துக்கு உடனே அறிக்கை அனுப்பணும். ஆபீஸ்ல எங்க டோக்கன் இன்னும் வரல. ஒரு நிமிஷம் உக்காந்துக்கிறேன்."

உட்கார்ந்தார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவர அண்ணி உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் அதிகாரிக்குப் பின்னால் பல் டாக்டர் லேப்டாப்போடு நின்றார். அவருக்குப் பின்னால், தன் கம்பெனிக்குச் செய்தி அனுப்ப முடியாத எங்கள் இணைப்புக் கம்பெனி ஆள். வாசலைத் தாண்டி, படிக்கட்டு வழியாகக் கீழே தெருவரைக்கும் ஆட்கள். ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை.

பாடம் ஆரம்பிக்கும் நேரம். அண்ணி நாற்காலியை நெருங்கினார்.

"வரிசையில வாங்கம்மா" என்றார் பல் டாக்டர். "நாங்கல்லாம் நிக்கலையா?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி என் கையைப் பிடித்து அடக்கிவிட்டு, படியிறங்கித் தெருவுக்குப் போய் நின்றார். கைப்பேசி அடித்தது. மேற்பார்வையாளர் அம்மாள்.

"டீச்சர், பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்காங்க. லைன்ல இருக்கீங்களா?"

"லைன்லதான் மேடம் இருக்கேன்" என்றார் அண்ணி. "கடைசியில."