போர்ட்டோ பிறந்த ஆண்டுக்காக மூண்ட போர்

மலைமுகடுகளே, செவி சாயுங்கள்! தேயிலைத் தளிர்களே, தலை நிமிர்ந்து கேளுங்கள்! பச்சிலையை ஒருமுறை முகர்ந்தே அது எந்தச் சரிவில் விளைந்ததென்று உரைக்கவல்ல நாசிக்கு உரியவன், நீலமும் வெண்மையும் வரிவரியாய் ஓடும் பனியனை ஐம்பத்து நான்கு அகவையிலும் தன் தொந்தியின்மீது வெற்றிக்கொடியெனத் தாங்கி நிற்பவன், கட்டபெட்டு டீ ஃபாக்டரியில் இலையைத் தூளாகப் பக்குவம் செய்யும் டீமேக்கர், சில்வஸ்டர் என்னும் மாவீரன் வாழ்க! வெள்ளைச் சுவரொன்றின்மேல் நான்கே நான்கு இலக்கங்களை நிலைநாட்ட அவன் தொடுத்த பெரும்போரை இனி உரைப்போம்.

கடல்கள் பல கடந்து, போர்ச்சுகல் தேயத்தின் ஆற்றங்கரையில் வீற்றிருக்கும் போர்ட்டோ மாநகரில், நெருப்புமிழும் டிராகனை இலச்சினையாகவும் நீலவெண் வரிகளை உடையாகவும் கொண்ட கால்பந்துக் கழகம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் மணிமுடியை இருமுறை சூடிய கழகம் அது. இரண்டாம் முறை அது முடிசூடிய 2004ஆம் ஆண்டில், அந்தப் புகழின் வெம்மை தாளாமல், சில்வஸ்டர் ஒரு பந்தும் ஏழு இளைஞரும் கொண்டு எஸ்டேட் மைதானத்தில் 'கட்டபெட்டு போர்ட்டோ' என்னும் அணியைப் படைத்தான். அன்றே அவனோடு தோள் சேர்ந்தவன், கடைவீதி பேக்கரியின் அதிபதி, அடுக்கடுக்காய் உதிரும் வர்க்கியின் வேந்தன், நூருல்லா.

இருபதாண்டுகளுக்கு மேலாகப் பிரியாதிருந்த இவ்விரு தோள்களையும் ஒரு சுவர் பிரித்தது. மைதானத்து ஓரத்தில் பந்தும் வலையும் வைக்கும் தகரக் கொட்டகைக்கு இவ்வாண்டு வெள்ளையடித்தார்கள். உச்சியில் டிராகன், அதன்கீழ் அணியின் பெயர், அதற்கும் கீழே தாய்க்கழகம் தோன்றிய ஆண்டு என்று முடிவாயிற்று. எந்த ஆண்டு என்பதில் இடி விழுந்தது.

1893 என்றான் சில்வஸ்டர். இங்கிலாந்தில் கால்பந்தைக் கண்டு மயங்கிய திராட்சைமது வணிகன் ஒருவன் அவ்வாண்டில்தான் கழகத்தைத் தொடங்கினான். பின்பு, இது முரட்டு ஆட்டம் என்று மனைவி முகஞ்சுளிக்க, விட்டு விலகினான் என்பார்கள். 1906 என்றான் நூருல்லா. பல்லாண்டு உறங்கிக் கிடந்த கழகத்தை அவ்வாண்டில்தான் வேறோர் இளைஞன் தட்டியெழுப்பினான். கழகமே நெடுங்காலம் 1906ஐத்தான் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடி, பிற்பாடுதான் 1893க்கு மாறியது. ஆக, இருவர் கையிலும் ஆதாரம் இருந்தது. இருவர் கையிலும் பிரஷ்ஷும் இருந்தது.

திங்களன்று சில்வஸ்டர் நீலத்தால் 1893 என்று எழுதினான். செவ்வாயன்று நூருல்லா அதை வெள்ளையால் புதைத்து 1906 என்று எழுதினான். புதனும் வியாழனும் வெள்ளியும் இலக்கங்கள் வீழ்ந்தன, எழுந்தன, மீண்டும் வீழ்ந்தன. சுண்ணாம்புக் கடலில் நீலக் குருதி கலங்கிற்று. இறுதியில் நூருல்லா பேக்கரி வாசலில் நின்று, ஊர் கேட்கப் பிரகடனம் செய்தான்: 1906 இல்லையேல், ஞாயிற்றுக்கிழமை நெல்லியாளம் அணியோடு நடக்கும் ஆட்டத்துக்குத் தன் தங்கை மகனும் அணியின் கோல்கீப்பருமான ஹாமித் வரமாட்டான், பந்துக்குக் காற்றடிக்கும் பம்பும் வராது! அது கேட்ட சில்வஸ்டரின் நெஞ்சு, காற்றிழந்த பந்துபோல் ஒரு கணம் குழிந்தது. ஆயினும் அவன் பணிந்தானில்லை.

சனிக்கிழமை காலை. நாலடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூடுபனி. சில்வஸ்டர் ஃபாக்டரியிலிருந்து மூங்கில் ஏணி கொணர்ந்து சாத்தி, டிராகனின் வாலை முடித்துவிட்டு இறங்கி, தலை உயரத்தில் 1893 என்று முழத்துக்கு முழம் தீட்டி நிமிர்ந்தான். பனியைக் கிழித்துக்கொண்டு, வெள்ளைப் பெயின்ட் வாளியைக் கதாயுதமென ஏந்தி, நூருல்லா எதிரே தோன்றினான். இரு மலைகள் மோத ஆயத்தமாயின. அப்போது மூன்றாவது மலையொன்று தேயிலைப் புதர்களுக்குள்ளிருந்து பெருமூச்சு விட்டது.

"பாய், அசையாதீங்க," என்றான் சில்வஸ்டர் தணிந்த குரலில். "பின்னால காட்டுமாடு."

அசையாமலிருக்கச் சொன்னவனே முதலில் ஏணியில் பாய்ந்தான். அடுத்தவன் வாளியை எறிந்துவிட்டு அவன் காலடியிலேயே ஏறினான். கூரையைத் தொட்ட நூருல்லாவின் கால் உந்தியதில் ஏணி சரிந்து கீழே விழுந்தது. கருங்குன்றென வந்த காட்டெருமை அண்ணாந்துகூடப் பாராமல், சுவரோரப் புல்லை மேயத் தொடங்கிற்று. ஈரத் தகரத்தின்மேல் இரு பெருவீரரும் முதுகோடு முதுகு ஒட்டிக் குந்தியிருந்தார்கள். 

"ஏனுங்க டீமேக்கர்," என்றான் நூருல்லா கடைசியில், "நம்ம டீம ஆரம்பிச்சது ஆருங்க?"

"நாந்தான். அதுல என்ன சந்தேகம்?"

"ஆரம்பிச்ச ரெண்டே மாசத்துல வேலைய மாத்திக்கிட்டுக் கிளென்மார்கன் எஸ்டேட்டுக்குப் போயிட்டீங்க. மூணு வருசம் எட்டிப் பாக்கலீங்க. பந்துக்குக் காத்தடிச்சது ஆரு? மழைல கோல்போஸ்ட்டு சாஞ்சப்ப நட்டது ஆரு? ஆனா ஊருக்குள்ள இன்னைக்கும் சில்வஸ்டர் டீமுன்னுதானுங்க சொல்றாங்க."

ஆயிரம் அம்புகளைச் சிரித்தபடி ஏற்றிருக்கக்கூடிய அந்த மார்பில் இது ஒன்று ஆழத் தைத்தது. ஐந்து நாட்களாகத் தான் அழித்தது வெறும் இலக்கத்தை அல்ல என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க ஞாயித்துக்கெழம ஆனா, கட்டபெட்டுல இப்ப என்ன ஸ்கோரோன்னு கெடந்து தவிப்பேன் பாய்," என்றான், திரும்பிப் பாராமல். "உட்டுட்டுப் போனவன் ஆரம்பிக்கவே இல்லைன்னு செவுத்துல எழுதிட்டா, எனக்குன்னு என்ன இருக்குது?"

நூருல்லாவின் முதுகு அவன்மேல் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

கீழே, மேய்ந்து முடித்த காட்டெருமை, அரிப்பெடுத்த தன் விலாவைச் சுவரில் வைத்து இடமும் வலமும் நிதானமாகத் தேய்த்தது. ஒரு வார யுத்தம் ஒரே உரசலில் துடைக்கப்பட்டது. விலாவில் நீலம் பூசிக்கொண்டு, எத்தரப்புக்கும் தலைவணங்காமல், அது பனிக்குள் புகுந்து மறைந்தது.

சில்வஸ்டர் செல்பேசியில் மனைவியை அழைத்தான். பள்ளி ஆசிரியையும், அவ்வில்லத்தின் இறுதித் தீர்ப்பாயமுமான ரோஸ்மேரி ஸ்கூட்டரில் வந்து, ஏணியை நிமிர்த்தி, இருவரையும் இறக்கினாள். இறங்கியதும் நூருல்லா ஹாமித்துக்குப் போன் போட்டு, பம்பை எடுத்துக்கொண்டு உடனே வரச் சொன்னான். அந்தக் குரலைக் கேட்ட சில்வஸ்டர் பிரஷ்ஷை நீட்டினான்.

"1906ன்னே எழுதுங்க பாய்."

"அதெப்படீங்க? 1893தான் எழுதோணும்."

"நான்தான் சொல்றேன்ல!"

"நானுந்தான் சொல்றேன்!"

பெருந்தன்மையின் பெயரால் புதுப்போர் மூண்டது. ஒரே பிரஷ்ஷை நான்கு கைகள் பற்றின, நரம்புகள் புடைத்தன, நீலத் துளிகள் நாற்புறமும் தெறித்தன.

"ஏனுங்க," என்றாள் ரோஸ்மேரி, "நாளைக்கு மேட்ச் எத்தன மணிக்குன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா?"

 எங்கும் எழுதியிருக்கவில்லை. நெல்லியாளத்தாரையும் இவ்விரு வீட்டாரையும் தவிர வேறு எவருக்கும் தெரிந்திருக்கவுமில்லை. அவள் பிரஷ்ஷை வாங்கி, இருபத்தைந்தாண்டு கரும்பலகையில் பழகிய குண்டெழுத்தால், ஆண்டுகள் மோதி மாண்ட அந்தக் களத்தின் நடுவே, 'மேட்ச் ஞாயிறு மதியம் 3 மணி' என்று எழுதி அடிக்கோடிட்டாள். போர்ட்டோ நகரத்து வணிகனும், அவனுக்குப் பின்வந்த இளைஞனும், அவர்தம் பெயர்காக்கப் பெயின்ட் சிந்திய இரு பேராண்மையாளரும் ஒருசேர அடங்கி நிற்க, டிராகன் மேலிருந்து நெருப்புமிழ, நீலமலை முழுதும் அந்த மூன்று மணியை நோக்கி மூச்சடக்கிக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழை, மேட்ச் நடக்கவில்லை.